போர்க்கோடரியும் ஷட்டர் கம்பியும்

பயிற்சியின் முதல் நாள் எங்கள் பதினோரு பேருக்கும் ஆளுக்கொரு புது மண்பானையும் ஒரு சுத்தியலும் கொடுத்தார்கள். உடையுங்கள் என்றார் ஆசிரியை. மற்றவர்கள் கதவு தட்டுவதுபோல மெல்லத் தட்டினார்கள். எனக்குக் காலையில் விடுதிக் குளியலறை வரிசையில் ஒருத்தியோடு சண்டை. அந்தக் கோபம் பாக்கி இருந்தது. ஓங்கி ஒரு போடு போட்டேன், பிறகு ஆசை தீராமல் இன்னும் மூன்று. "சரி, இப்ப ஒட்டுங்க" என்றார் ஆசிரியை. மற்றவர்களுக்கு முப்பது, நாற்பது துண்டு. இரண்டு வாரத்தில் முடித்துவிட்டுக் கைதட்டு வாங்கினார்கள். என்னுடையது இருநூற்றுப் பதினான்கு. நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் என்னை நானே திட்டிக்கொண்டேன், வேறு யாரைத் திட்டுவது?

அருங்காட்சியகம் என்றால் அமைதியான இடம் என்று நினைக்கிறார்கள். எனக்குச் சிரிப்புதான் வரும். அங்கே இருப்பதில் பாதி, ஆளைக் கொல்வதற்குச் செய்தது. மீதிப் பாதி, யாரோ யாரையோ கொன்ற சமயத்தில் உடைந்தது. மூக்கில்லாத சிலைக்கு மூக்கு தானாக உதிரவில்லை, ஒருவன் ஏணி வைத்து ஏறி உடைத்திருக்கிறான். உளி விழுந்த சாய்வைப் பார்த்து அவன் இடதுகைக்காரனா என்றுகூட நான் சொல்லிவிடுவேன். இரும்புத் தலைக்கவசம் ஒன்றின் துருவை ஏழு மாதம் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துச் சுரண்டினேன். அதைப் போட்டிருந்தவனின் மண்டை எங்கே பிளந்தது என்று விரல் வைத்துக் காட்டுவேன். பொருள் பாதுகாப்பாளர் என்பது என் பதவியின் பெயர். நடந்து முடிந்த அடிதடிகளுக்கு நடுவில் பஞ்சு சுற்றிய குச்சியோடு உட்கார்ந்திருப்பவள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடிதடி எனக்குப் புதிதில்லை. எங்கள் அப்பா கை நீட்டுகிற ஆள். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் அம்மாவுக்கு, உப்பு சரியாக இருந்தால் எங்களுக்கு. அண்ணன் எனக்கு விழ வேண்டிய அடியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வளர்ந்தான். பதினாறு வயதில் ஒரு நாள் அப்பாவின் கையை அந்தரத்திலேயே பிடித்து முறுக்கினான். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குப் பக்கத்து அறையில் கேட்டது. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. நான் மட்டும் அவ்வப்போது தட்டை வீசுவேன், எனக்குக் கோபம் மூக்குநுனியில் உட்கார்ந்திருக்கும்.

என் படிப்பை அண்ணன் கடைசிவரை மதிக்கவே இல்லை. "உடைஞ்சத ஒட்டுறதுக்கு ஆறு வருஷம் படிப்பா? தெருமுனையில பஞ்சர் கடைக்காரன் பத்து நிமிஷத்துல ஒட்டித் தரான்" என்பான். எனக்குக் கோந்து என்று பெயர் வைத்தான். சில பழைய வண்ணங்களில் படிந்த அழுக்கை எச்சில் தொட்டுத் துடைப்பதுதான் நல்லது, வேறு எதுவும் அவ்வளவு மென்மையாக எடுக்காது என்று தெரியாத்தனமாக ஒரு நாள் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், மெல்லுகிற வாய்க்கு அவல் கிடைத்தது. சொந்தக்காரர் கல்யாணத்தில் மைக் பிடிக்காத குறையாகச் சொன்னான்: "என் தங்கச்சி துப்பியே சம்பாதிக்கிறா!"

அவனுக்கு ஒரு வேலையும் நிலைக்கவில்லை. மூட்டை தூக்கினான், குஸ்தி பழகினான், லாரி ஓட்டினான், ஓட்டிய இடத்தில் எல்லாம் முதலாளியோடு கைகலப்பு. கடைசியில் எங்கள் அருங்காட்சியகத்துக்குக் காவலர் வேண்டும் என்றார்கள். நான்தான் இயக்குநரிடம் சொல்லி அவனைச் சேர்த்துவிட்டேன். அண்ணி நிம்மதியாகத் தூங்கினாள். அவர்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது. அப்பா சீருடையோடு வாசலில் இறங்கினால் தெருவுக்கே கேட்கும்படி சல்யூட் வைப்பாள்.

அந்த வருடம்தான் போர்க்கோடரி என் மேஜைக்கு வந்தது. ஆள் உயரத்தில் பாதி இருக்கும். இரும்புத் தலை கெட்டி. மரப்பிடிதான் பாவம், நடுவில் பூச்சி தின்று உள்ளே கூடாகி, சரிபாதியில் முறிந்திருந்தது. ஐந்து மாதம் வேலை செய்தேன். கூடான இடத்தைப் பிசின் கலவையால் நிரப்பி, முறிந்த முனைகளைச் சேர்த்து, மேலே மரத்தின் ரேகையை ஒற்றை மயிர்த் தூரிகையால் வரைந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒட்டு எப்போதும் பொருளைவிடப் பலவீனமாக இருக்க வேண்டும். நாளைக்கே கை தவறி விழுந்தால் ஒட்டு விட்டுப்போகட்டும், புதிதாக மரம் முறியக் கூடாது. நான் போடும் பிசினை, நகப்பூச்சு அழிக்கிற திரவம் தொட்ட பஞ்சாலேயே கரைத்து எடுத்துவிடலாம். பார்ப்பதற்கு முழுசு, அவ்வளவுதான். தூக்கி வீசினால் பிரிந்துவிடும். பிரிய வேண்டும் என்றுதான் அப்படிச் செய்கிறோம்.

ரோந்து வந்த அண்ணன் என் அறைக்குள் எட்டிப் பார்த்தான். கோடரியைச் சுற்றிச் சுற்றி வந்தான். கையுறை இல்லாமல் கட்டைவிரலால் தடவப் பார்த்தான், கையில் ஒரு அடி வைத்தேன். அவனுக்கு அதுகூட உறைக்கவில்லை.

"எங்க ஒட்டியிருக்க?"

"கண்டுபிடி பாப்போம்."

குனிந்து, நிமிர்ந்து, விளக்கைத் திருப்பி, ஐந்து நிமிடம் தேடினான். கிடைக்கவில்லை. "அடிப்பாவி" என்றான். பிறகு கேட்டான்: "இதத் தூக்கி ஒருத்தன் மண்டையில போட்டா தாங்குமா?"

தாங்காது என்று சொல்லியிருக்க வேண்டும். எழுத்துக் கூட்டினால் நாலே எழுத்து. ஆனால் பதினைந்து வருடமாகக் கோந்து கோந்து என்று மானத்தை வாங்கியவன் முதல்முறையாக வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். தாங்காது என்றால் உடனே பஞ்சர் கடைக்காரன் கதையை எடுப்பான். எனக்கு வீராப்பு தலைக்கு ஏறிவிட்டது.

"யானை மண்டையில போட்டாலும் தாங்கும்" என்றேன்.

"அப்படிச் சொல்லு!" என்று என் முதுகில் தட்டிவிட்டுப் போனான். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கோடரியைக் காட்சிக்கு வைத்து மூன்று மாதம் ஆகியிருக்கும். ஒரு திங்கட்கிழமை, பார்வையாளர்களுக்கு விடுமுறை. முற்பகல் பதினோரு மணிக்கு நான் ஆயுதக் கூடத்தில் கோடரிப் பெட்டியின் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை மாற்றிக்கொண்டிருந்தேன். மின்விளக்கு பழுதுபார்ப்பவர்கள் என்று மூன்று பேர் ஏணியோடு உள்ளே வந்தார்கள். கையில் கடிதம் இருந்ததால் வெளிவாசல் காவலர் விட்டுவிட்டார். இரண்டாவது நிமிடம் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடி நொறுங்கியது. உள்ளே இருந்தது தங்க ஒட்டியாணம்.

புத்தி இருப்பவள் மேஜைக்குக் கீழே ஒளிந்திருப்பாள். நான் கத்தினேன். "டேய், எவன்டா அது? கைய எடுடா!" என்று ஏதோ என் வீட்டு அலமாரியைத் திறந்தவர்களைக் கேட்பதுபோலக் கேட்டேன். ஒருவன் என் கூந்தலைப் பிடித்து முகத்தைத் தூணில் மோதினான். முதல் மோதலில் பல் உடைந்தது. இரண்டாவதில் உதடு கிழிந்தது. மூன்றாவதற்கு என் தலையைப் பின்னால் இழுத்தபோது அண்ணனின் பூட்ஸ் சத்தம் கேட்டது.

அவன் கையில் ஷட்டர் இழுக்கிற கம்பி இருந்தது. கட்டைவிரல் தடிமன், நுனியில் கொக்கி, சுத்த இரும்பு. வந்த வேகத்தில் என்னைப் பிடித்திருந்தவனின் தோளில் இறக்கினான். எலும்பு போன சத்தம். அவன் என் கூந்தலை விட்டுவிட்டுத் தரையில் உருண்டு ஊளையிட்டான். அடுத்தவன் வீல் ஸ்பேனரை ஓங்கிக்கொண்டு வந்தான். மூன்றாமவன் ஒட்டியாணத்தைப் பையில் திணித்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் திறந்திருந்த பெட்டியைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. ஆமாம், மலர்ந்தது, நான் பார்த்தேன். கம்பியை என் பக்கம் வீசினான். "கோந்து, புடி!" கோடரியை எடுத்தான்.

வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தேன். வாய் நிறைய ரத்தமும் பல் துண்டும். அவைதான் வெளியே வந்தன, சொல் வரவில்லை. அவன் இரண்டு கையாலும் கோடரியைத் தலைக்கு மேலே கொண்டுபோனான். உச்சியில் ஒட்டு விட்டது. இரும்புத் தலையும் பிடியின் மேல்பாதியும் அவனுக்குப் பின்னால் பறந்துபோய்த் தரையில் விழுந்தன. அவன் முன்னால் இறக்கியது ஒரு முழ நீளக் கட்டையை. அது யாரையும் தொடவில்லை.

அண்ணன் திருடனைப் பார்க்கவில்லை. கையில் இருந்த கட்டையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. ஒன்றும் புரியாமல் பார்த்தான். அந்த ஒரு நொடிதான் ஸ்பேனர்காரனுக்குத் தேவைப்பட்டது. முதல் அடி நெற்றிப்பொட்டில். அண்ணன் மண்டியிட்டான். இரண்டாவது அடி, மண்டியிட்டவனின் பின்மண்டையில்.

அப்புறம் நான் அடித்தேன். கம்பி நல்ல கம்பி. முதலில் ஸ்பேனர்காரனின் முழங்கால், அது பின்பக்கமாக மடிந்தது. விழுந்த பிறகு தாடை. எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை, வெளிவாசல் காவலரும் தோட்டக்காரரும் வந்து என் இடுப்பைப் பிடித்து இழுக்கும்வரை அடித்தேன். பையோடு ஓடிய மூன்றாமவனை வாசலிலேயே மடக்கிவிட்டார்கள். தாடை மூன்று இடத்தில் உடைந்திருந்ததாக வழக்கில் எழுதினார்கள். இன்றுவரை அவன் கஞ்சியைத்தான் உறிஞ்சுகிறானாம். எனக்கு அதில் வருத்தமே இல்லை. வருத்தம் எல்லாம் வேறு இடத்தில் இருந்தது.

அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் போய்விட்டான்.

செய்தித்தாள்களில் அவன் படம் வந்தது. தன் ஆயுதத்தைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, உளுத்த மரத்தோடு எமனை எதிர்த்து நின்ற அண்ணன் என்று எழுதினார்கள். இயக்குநர் இரங்கல் கூட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே அதையே சொன்னார். போலீஸ் என்னிடம் கேட்டபோது, "கைக்குக் கெடச்சத எடுத்தாரு" என்றேன். எழுதிக்கொண்டு போனார்கள். ஊர் அவனைத் தியாகி ஆக்கிவிட்டது. எனக்கும் அது வசதியாக இருந்தது, வாயை மூடிக்கொண்டேன். கோழை என்று என்னை யாரும் சொல்லவில்லை, நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

தியாகியின் வீட்டில் மட்டும் அவனுக்கு மரியாதை இல்லை. அண்ணி அழவே இல்லை. பதினாறாம் நாள் அவன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, கண்ணாடி உடைய அலமாரிக்குப் பின்னால் எறிந்தாள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் முன்னால் என்னைப் பார்த்தபடியே சொன்னாள்: "அவருக்குத் தங்கச்சிதான் ஒசத்தி. கம்பிய அவகிட்ட குடுத்துட்டுச் சாகுறதுக்குன்னே போனாரு. நானோ, பெத்த புள்ளையோ அந்த நேரத்துல ஞாபகத்துக்கு வரல. தாலி கட்டினவளுக்கு என்ன செஞ்சாரு?" யாராவது அவன் நல்ல பெயரை எடுத்தால் கையில் இருப்பதைத் தூக்கி எறிந்தாள். ஒருமுறை வெந்நீர்ச் சொம்பு என் காதோரம் பறந்தது.

எட்டு மாதம் இப்படியே போனது. நான் வாரம்தோறும் போவேன், வசவு வாங்குவேன், திரும்புவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் வாசலில் உட்கார்ந்து பொம்மையின் கையைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "அப்பாவுக்கு உங்களத்தான் புடிக்கும் அத்தை. எங்கள வேணாம்னுதான் செத்துப்போனாரு" என்றாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எனக்கு அந்தத் தூணில் மறுபடியும் முகத்தை மோதியதுபோல இருந்தது.

போலீஸ் சோதனைகள் முடிந்து கோடரி திரும்பி வந்தது, பிளாஸ்டிக் பையில், இரண்டு துண்டாக. மேல்பாதியை மணல் தட்டில் சாய்த்து வைத்தேன். கீழ்ப்பாதியில் அண்ணன் பிடித்த இடத்தில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. மறுபடி ஒட்டிக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்றார் இயக்குநர். கூடவே ஒரு பலகையும் வைப்பார்களாம், அதற்கு மனைவியின் சம்மதம் வேண்டுமாம். கேட்டு அனுப்பினார்கள். மறுநாள் மத்தியானம் அண்ணியே என் அறைக்கு வந்து நின்றாள்.

"போர்டுல என்ன எழுதப் போறாங்க?"

"தங்கச்சியக் காப்பாத்துறதுக்காக உயிரக் குடுத்த காவலர்னு..."

"வேணாம். வீட்டுல புள்ள படுறது பத்தாதா? அப்பனுக்கு அத்ததான் முக்கியம்னு கண்ணாடிக்குள்ள வேற எழுதி வெக்கணுமா? நான் சம்மதிக்க மாட்டேன்னு உங்க பெரியவர்கிட்ட சொல்லிடு." கதவுவரை போனவள் திரும்பினாள். மேஜையில் இருந்த கட்டையைக் காட்டினாள். "இதையா எடுத்தாரு? கையில இரும்பு இருக்கும்போது? அவருக்கென்ன பைத்தியமா?"

நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணி, உக்காருங்க. அண்ணன் எனக்காகச் சாகல."

அவள் உட்காரவில்லை.

"இத ஒட்டி முடிச்ச அன்னைக்கு என்கிட்ட கேட்டான், இதால அடிச்சா தாங்குமான்னு. நான் தாங்கும்னு சொன்னேன். யானையையே அடிக்கலாம்னு சொன்னேன். தாங்காதுன்னு எனக்குத் தெரியும் அண்ணி. தாங்கக் கூடாதுன்னுதான் அப்படி ஒட்டுவோம், எங்க வேலையே அது. அவன் முன்னாடி பெருமை அடிச்சுக்கணும்னு பொய் சொன்னேன். அவன் அத நம்பிட்டான். கம்பிய ஒண்ணும் தியாகம் பண்ணிக் குடுக்கல. மட்டமானத எனக்குத் தூக்கிப் போட்டுட்டு, நல்லத அவன் எடுத்துக்கிட்டதா நெனச்சான். சின்ன வயசுலயும் அப்படித்தான், பெரிய பங்கு எப்பவும் அவனுக்குத்தான் வேணும். எடுக்கும்போது அவன் மூஞ்சியப் பாத்தேன். சாகப் போறவன் மூஞ்சி இல்ல அது. அவனுங்கள அடிச்சுப் போட்டுட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து உங்ககிட்ட பீத்திக்கப் போறவன் மூஞ்சி."

அண்ணி மேஜையில் கிடந்த கட்டையையே பார்த்தாள்.

"அப்ப எங்கள விட்டுட்டுப் போகல" என்றாள்.

"இல்ல."

"வீட்டுக்கு வரதாத்தான் இருந்தாரு."

"ஆமா அண்ணி."

"இதுவும் பொய் இல்லையே?"

"இல்ல."

அவள் கட்டையைக் கையில் எடுத்தாள். கையுறை போடாமல் எடுத்தாள், நான் தடுக்கவில்லை. கறுத்த இடத்தை விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு ஓங்கி, மேஜையைப் பிடித்திருந்த என் வலது கையில் இறக்கினாள்.

ஒரே அடி. மூன்று விரல்கள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் ஏதோ விழுந்து உடைந்தது. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, என் ஒட்டு இல்லாத இடத்தில் அது கெட்டியாகத்தான் இருந்திருக்கிறது. அண்ணி கட்டையை மேஜைமேல் வைத்தாள். இரைத்துக்கொண்டு நின்றாள். எட்டு மாதமாக வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது. வாயைப் பொத்திக்கொள்ளாமல், மூக்கைத் துடைக்காமல், என் மேஜை விளக்கு ஆட ஆட அழுதாள். நானும் அழுதேன், எனக்கு வலியும் இருந்தது. அப்புறம் அவளே தன் துப்பட்டாவை உருவி என் கையைச் சுற்றிக் கட்டினாள். "பாவி, படுபாவி, நாசமாப் போறவளே" என்று படிக்கு ஒரு வசவாகத் திட்டிக்கொண்டே என்னைத் தாங்கிப் பிடித்து இறக்கி, டாக்ஸியில் ஏற்றினாள்.

அவசரப் பிரிவில் டாக்டர் துப்பட்டாவைப் பிரித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எப்படி ஆச்சு?"

"கதவு... கதவு இடுக்குல..." என்று ஆரம்பித்தேன்.

"கதவும் இல்ல, ஜன்னலும் இல்ல டாக்டர்" என்றாள் அண்ணி. "நான்தான் அடிச்சேன். இவ என் நாத்தனார். இவ சொன்ன ஒரு பொய்யால என் புருஷன் செத்துட்டாரு. இன்னைக்குத்தான் சொன்னா. அடிச்சேன். போலீஸுக்குச் சொல்லணும்னா சொல்லுங்க, நான் எங்கயும் போகல, இங்கதான் இருப்பேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"வெரல நேரா வெச்சுக் கட்டுங்க" என்றாள் அண்ணி. "நுணுக்கமான வேல பாக்குற கை."

ஊசி போட்டார்கள். கட்டுப் போட ஆள் வரும்வரை அவள் என் படுக்கை ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள், என் முகத்தைப் பார்க்காமல். பிறகு போனை எடுத்து வீட்டுக்கு அடித்தாள்.

"நான்தான்டி. அத்தைக்குக் கையில அடி, வர லேட்டாகும். அந்த அலமாரிக்குப் பின்னாடி அப்பா படம் கெடக்கு, கண்ணாடி குத்தாம மெதுவா எடுத்து வை. வந்து அப்பாவப் பத்தி உனக்கு ஒண்ணு சொல்லணும்." மறுமுனையில் குழந்தை ஏதோ கேட்டது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். "இல்லடா, பயப்படாத. நல்ல விஷயம்தான்."